மாமாவின் ஊர்

உங்கள் வீட்டில் பேசக்கூடாத ஊர் என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா? சண்டை போட்டுப் பிரிந்த பங்காளி இருக்கும் ஊர், கடனுக்கு நிலத்தை விட்டுவிட்டு வந்த ஊர், கட்டிக்கொடுத்த பெண்ணைக் கண்ணீரோடு திரும்பக் கூட்டிவந்த ஊர்... பஸ்ஸில் போகும்போது அந்த ஊர் போர்டு வந்தால் பெரியவர்கள் சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. ஆனால், கேட்கக்கூடாது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் அந்த ஊர், தனுஷ்கோடி.

என் அத்தையின் கணவர், அதாவது மாமா, அந்த ஊர்க்காரர். இதுவே எனக்குப் பத்தாவது படிக்கும்போது அப்பத்தா சொல்லித்தான் தெரியும். மாமாவிடம் யாராவது, 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்று கேட்டால், "சமயநல்லூர்தான்" என்பார். அதற்கு மேல் கேட்டால் டீ ஆற்றப் போய்விடுவார். சமயநல்லூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரொம்ப காலம் டீக்கடை வைத்திருந்தவர் அவர்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் போனால் பரவைக்கு அடுத்து எங்கள் ஊர் வரும். எந்தக் கடலுக்குப் போவதென்றாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மாமாவுக்கு அதுதான் வசதி. ரேடியோவில், 'வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்...' என்று ஆரம்பித்தாலே எழுந்துபோய் அணைத்துவிடுவார். பலமாகக் காற்று அடிக்கும் ராத்திரிகளில் தூங்க மாட்டார். டார்ச் லைட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். "ஒங்க மாமாவுக்குக் கடல் ஆகாது" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்லும். அத்தைக்கு ராமேஸ்வரம் போக வேண்டும் என்று ரொம்ப ஆசை. எங்களோடு இரண்டு தடவை வந்தது. மாமா ஒரு தடவைகூட வரவில்லை.

அத்தை போய்ச் சேர்ந்தது 2024-ல். முதல் வருஷத் திதியை ராமேஸ்வரத்தில் கொடுக்கலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். மாமா வர மாட்டார், நாமே கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எந்தக் காரு?" என்று மட்டும் கேட்டார்.

2025 ஜூலையில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். மாமா, நான், என் மனைவி. எங்களோடு வருவதாக இருந்த என் மகன் வரவில்லை. சென்னையில் படிக்கிறான். இரண்டு வாரத்துக்கு முன்னால் போனில் எனக்கும் அவனுக்கும் ஒரு வாக்குவாதம். அதோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

ரிங் ரோடு பிடித்து விரகனூர் தாண்டினால் ராமேஸ்வரம் ரோடு. மாமா முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். செல்போனில் வழி சொல்லும் அம்மணி, 'இன்னும் இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்' என்று சொல்லும்போதெல்லாம், "சரிம்மா" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். பின்னால் என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழடி போர்டு, திருப்புவனம், அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி, கடம் செய்கிற மானாமதுரை, தறிச் சத்தம் கேட்கிற பரமக்குடி... இந்த ரோட்டில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வைகையும் நம்மோடு ஏறக்குறைய இதே வழியில்தான் வருகிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் கடலில் சேரும். பல வருஷங்களில் மிச்சம் இருக்காது. அதனால்தான் வைகை கடலைப் பார்க்காத ஆறு என்று நம் பக்கம் சொல்வார்கள். 'மாமாவும் அந்த ரகம்தான்' என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

பரமக்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். விடிந்துவிட்டது. ஒரு கடையில் டீ குடித்தோம். மாமா கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, "டிக்காஷன் பத்தலை" என்று தீர்ப்பு சொன்னார். அவருக்குப் பேச்சு வந்தது எனக்குத் தைரியமாக இருந்தது.

மண்டபம் வந்ததும் அது மறுபடி நின்றுபோனது.

"இங்கன மூணு நாளு இருந்தோம். ஒங்க தாத்தாவும் நானும்" என்றார். அவ்வளவுதான்.

பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லாக் காரும் நின்று படம் எடுப்பதுதான் வழக்கம். போலீஸ் விசில் ஊதிக்கொண்டே இருக்கும். நானும் ஒரு ஓரமாக நிறுத்தினேன். இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள இந்த அன்னை இந்திரா காந்தி பாலம் 1988-ல் திறந்தது. அதற்கு முன்னால் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். பக்கத்தில் 1914-ல் வந்த பழைய ரயில் பாலம். அதை ஒட்டி, 2025 ஏப்ரலில் பிரதமர் திறந்துவைத்த புதுப் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா காரைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "தாண்டிட்டுச் சொல்லு மாப்ள" என்றார்.

அக்னி தீர்த்தத்தில் கடல் என்று பேர்தானே தவிர, குளம் மாதிரி கிடக்கும். திதி முடிந்தது. பிண்டத்தைக் கரைக்க மாமா தண்ணீரில் இறங்கினார். முழங்கால் அளவு, இடுப்பளவு... பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு போட்டார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் கடலைத் தொட்டு. எழுந்தவர் உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தார். ஈர வேட்டியோடு கரைக்கு வந்து, சாதாரணமாக, மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று கேட்பதைப்போல, கேட்டார்.

"அங்கிட்டு ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?"

எங்கே என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில், நீங்கள் அந்த ஊரைப் படத்தில் மட்டும் பார்த்தவர் என்றால், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடி என்றாலே 'பேய் நகரம்' என்று தலைப்பு போட்டு வைத்திருக்கிறோம். 1964 டிசம்பர் வரை அது சுறுசுறுப்பான துறைமுகம். 1914-ல் பாம்பன் பாலம் வந்ததும் மெட்ராஸில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போகலாம். எல்லாம் ஒரே டிக்கெட்டில். அதனால்தான் அந்த ரயிலுக்கு போட் மெயில் என்று பேர். இர்வின், கோஷன் என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் வெகுகாலம் ஓடின. கடல்வழி சுமார் முப்பது கிலோமீட்டர். எழும்பூருக்கும் செங்கல்பட்டுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. ஸ்டேஷன், கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச், கோயில் எல்லாம் இருந்தன. ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை யுத்த காலத்தில் ரத்து செய்தபோது, தனுஷ்கோடி ரோட்டில் ஓடும் ரயிலிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்த சிறுவன்தான் பின்னாளில் ஜனாதிபதி ஆன அப்துல் கலாம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தது. நள்ளிரவை ஒட்டி பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அலையில் போனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல். விடிந்தபோது ஊர் இல்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் கிடந்தன. அப்போது இளம் இன்ஜினீயராக இருந்த ஸ்ரீதரன் அதை 46 நாளில் சரிசெய்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர் அவர்தான். பாலம் பிழைத்துக்கொண்டது. தனுஷ்கோடிக்கு ரயில் மட்டும் திரும்ப வரவே இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல், எலும்பெல்லாம் இடம் மாறுகிற மாதிரி குலுங்கும் வேனில் மணலிலும் தண்ணீரிலும் போக வேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார் ரோடு வந்துவிட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் காரில் ஏசி போட்டுக்கொண்டு போகலாம்.

நாங்களும் போனோம். ஜூலைக் காற்று. மணல் ரோட்டின் குறுக்கே பாம்பு மாதிரி ஓடியது. வலது பக்கம் மன்னார் வளைகுடா கொதித்துக்கொண்டிருந்தது. கரையில் கொட்டி வைத்த பாறாங்கற்களில் அலை மோதி ஆளுயரத்துக்கு எகிறியது. இடது பக்கம் கடல் ஒன்றுமே தெரியாத பிள்ளையைப்போலப் படுத்துக் கிடந்தது. ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். "அதெல்லாம் காத்தப் பொறுத்து. மார்கழியில இதுவும் ஆடும்" என்றார் மாமா, இடது பக்கத்தைக் காட்டி.

சர்ச்சுக்குப் பக்கத்தில் இறங்கினோம். கூரை இல்லாத, பவளப்பாறைக் கல்லில் கட்டிய சுவர்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று புகைப்படக்காரர் சொல்படி சுவரில் சாய்ந்து நின்றது. பெண்ணின் நீளமான கவுனை காற்றில் பறக்கவிட ஒரு பையன் தனியாக நின்றான். பாசிமணி, சங்கு, பொரித்த மீன், கரும்புச்சாறு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. போன தடவை நண்பர்களோடு வந்தபோது நானும் அதே சுவரில் சாய்ந்து படம் எடுத்தவன்தான். அந்தப் படம் இன்னமும் என் போனில் இருக்கிறது. மாமாவை அந்த இடத்தில் பார்த்தபோதுதான் முதல் தடவையாகக் கூச்சமாக இருந்தது.

மாமா சர்ச்சைப் பார்க்கவே இல்லை. ஸ்டேஷன் சுவர் மிச்சம் நிற்கும் பக்கம் நடந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டு, ஓலைக் கொட்டகைகளுக்குப் பின்னால், மணல் கொஞ்சம் தாழ்வாக இருந்த ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தார்.

எனக்குப் பயமாகிவிட்டது. "மாமா, என்ன பண்றீங்க?"

"சும்மா இரு."

முழங்கை ஆழம் போனதும் ஈரம். இன்னும் கொஞ்சம் தோண்டியதும் கலங்கலாகத் தண்ணீர். அது தெளியும் வரை காத்திருந்து, உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். எனக்கும் கொடுத்தார். நம்ப மாட்டீர்கள், நல்ல தண்ணீர். இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல், நடுவில் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அதிகம் தோண்டினால் உப்பாகிவிடும். எவ்வளவு தோண்ட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தண்ணீர்.

அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மீன் வறுக்கும் கரண்டி கையில் இருந்தது. டூரிஸ்ட் ஒருவர் தன் வீட்டுப் பின்னால் மணலைத் தோண்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"என்னங்கய்யா அங்கன தோண்டுறீங்க? எந்தூரு நீங்க?" என்றார்.

மாமா கை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாயைத் திறந்தார், மூடினார். சமயநல்லூர் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இந்த ஊருதான் தாயி" என்றார்.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "புயலுக்கு முந்தியா?" என்று கேட்டார். எந்தப் புயல் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மாமா தலையாட்டினார். "உக்காருங்க... உக்காருங்கய்யா" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திதி நாள், மீன் சாப்பிட மாட்டோம் என்றதும் டீ வந்தது. அந்த டீயைப் பற்றி மாமா தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

அவருடைய மாமியார், புயல் ராத்திரியில் உயரமான ஒரு மணல் மேட்டில் ஏறிப் பிழைத்தவராம். போன பிறகும் திரும்ப இங்கேதான் வந்து குடிசை போட்டார்களாம். "கெடுதல் பண்ணதும் இந்தக் கடல்தான். சோறு போடுறதும் இதுதானேய்யா. எங்கிட்டுப் போவ?" என்றார் அந்த அம்மா. பேய் நகரம் என்று நாம் பேர் வைத்த ஊரில் இவர்கள் பிள்ளை பெற்று, வளர்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி, வலை பின்னிக்கொண்டு இருக்கிறார்கள்.

"மாமியா இருந்தா ஒங்க வீட்டு ஆளுகளச் சொல்லியிருக்கும். செத்து எட்டு வருசமாச்சு" என்றார். மாமா தன் அப்பா பெயரைச் சொன்னார். துறைமுகத்தில் சாமான் தூக்கியவர். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனசு வராமல், "கேட்ட பேராத்தான் இருக்கு" என்றார்.

காரை நோக்கித் திரும்பி நடக்கும்போது, ஸ்டேஷன் சுவருக்குப் பக்கத்தில் மாமா நின்றார். அங்கேதான் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்குமே, அத்தைக்குக்கூட, முழுதாகச் சொல்லாத விஷயம்.

அப்போது அவருக்குப் பதினைந்து வயது. கூட்டாளி ஒருவனோடு திருட்டுத்தனமாகக் கப்பலில் ஏறி சிலோன் பார்க்கப் போக முயற்சி செய்திருக்கிறார். பிடித்துவிட்டார்கள். அப்பா, வேலை செய்யும் இடத்தில், எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டார். 'இவன் இங்க இருந்தா உருப்பட மாட்டான்' என்று சமயநல்லூரில் டீக்கடை வைத்திருந்த தூரத்துச் சொந்தக்காரரிடம் அனுப்பிவைத்தார்கள். புயலுக்கு மூன்று நாளைக்கு முன்னால்.

"இங்கனதான் பிளாட்பாரம். எங்கம்மா தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்துச்சு. தம்பியும் கூட வந்தான். 'இனிமே இந்த ஊருக்கு வரவே மாட்டேன்'னு கத்துனேன். வண்டி கெளம்புற வரைக்கும் அது சன்னல்கிட்டயே நின்னுச்சு மாப்ள. நான் அங்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்.

"வர மாட்டேன்னு சொன்னேன். ஊரே இல்லாமப் போயிருச்சு."

செய்தி கேட்டு, என் தாத்தாவோடு அவர் மண்டபம் வரைக்கும் வந்திருக்கிறார். பாலம் இல்லை. தீவிலிருந்து வந்தவர்கள் முகங்களை மூன்று நாள் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். அம்மா, அப்பா, தம்பி மூன்று பேருமே அதில் இல்லை. தாத்தா அவரை சமயநல்லூருக்கே திரும்பக் கூட்டிவந்துவிட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? 'அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை மாமா' என்றேன். அவருக்கு அது தெரியாதா? பதினைந்து வயதுப் பையன் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் புயல் வராது என்று எழுபத்தாறு வயதுக்காரருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஜன்னல், அந்தத் தூக்குச்சட்டி... நாம் எல்லோரும் வீட்டிலிருந்து கிளம்பும்போது, சாயங்காலம் அந்த வீடு அங்கேயே இருக்கும் என்ற தைரியத்தில்தான் கதவை அறைந்து சாத்துகிறோம். முக்கால்வாசி நாள் அந்த தைரியம் பலித்தும் விடுகிறது.

கிளம்பும்போது அந்த அம்மா கார் வரைக்கும் வந்தார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த தடவ வந்தா நேரா வீட்டுக்கு வாங்கய்யா" என்றார். மாமா ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கச் சொன்னார். கார் வளைவில் திரும்பும் வரைக்கும் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தார். மணல் கண்ணில் விழுகிறது என்று சொல்லியும் கண்ணாடியை ஏற்றவில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், படம் எடுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கொட்டகையில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். அது ஆட்கள் இருக்கிற ஊர்.

ராமநாதபுரத்தில் வண்டிக்கு டீசல் போட நிறுத்தியபோது, நான் கொஞ்சம் தள்ளிப் போய் என் மகனுக்கு போன் செய்தேன். 'என்னப்பா?' என்றான். 'ஒண்ணுமில்லடா, சாப்பிட்டியா?' என்றேன். வாக்குவாதத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

மறுநாள் காலையில் மாமாவோடு ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கப் போனேன். பழைய கூட்டாளிகள், "என்னப்பா, நேத்து ஆளக் காணோம்?" என்று கேட்டார்கள்.

மாமா கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊருக்குப் போயிருந்தேன்."